தேதி முடிந்த சர்டிபிகேட்டும் நான் சொருகிய வயரும்

விஜயதசமி அன்று காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் வரவில்லை. காரணம் நான். அது எனக்கே பத்தரை மணிக்குத்தான் தெரிந்தது.

கோச்சடையில் இருக்கிறது ஆபீஸ். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பார்கள். கூட்டித் துடைப்பதும் டீ போடுவதும் என் வேலை. பதினோரு வருசம் ஆகிறது. படிப்பு அஞ்சாப்பு. ஆனாலும் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு டீ கொடுக்கிறவள் நான்தானே. பரீட்சை எழுதி வாங்குகிற நெட்வொர்க் சர்டிபிகேட் சில வருசம்தான் செல்லும்; அந்தத் தேதி முடிந்துவிட்டால் இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்து கவலைப்படுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பூஜை

முந்தின நாள் ஆயுத பூஜை. மெஷினை எல்லாம் ஆஃப் பண்ணிவிட்டு ஒன்று விடாமல் துடைத்தேன். ஆபீஸ் வயர் எல்லாம் வந்து சேருகிற பெட்டி ஒன்று உண்டு, அதற்கும் சுவிட்ச் என்றுதான் பெயர். வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு குட்டி விளக்கு. அதன் ஓரமாக ஒரு நீல வயர் முனை தொங்கிக்கொண்டிருந்தது. பூஜை அன்றைக்கு இப்படியா கிடப்பது என்று, காலியாக இருந்த ஓட்டையில் 'டக்' என்று சொருகிவிட்டேன். அந்த வயரின் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஆன் பண்ணியதும் எல்லா விளக்கும் சேர்ந்து மூச்சுவிடாமல் துடித்தன. சித்திரைத் திருவிழா சீரியல் செட் விளக்கு தோற்றது. பூஜை போட்டதில் பெட்டிக்கே குஷி வந்துவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

2. எஸ்தர்

விஜயதசமியில் ஆள் எடுத்தால் ராசி என்பார் எங்கள் ஓனர் ராஜமாணிக்கம் சார். அன்றைக்கு இன்டர்வியூவுக்கு வந்தவர்களில் எஸ்தர் ஒருத்தி. வில்லாபுரத்துப் பெண், முப்பத்தெட்டு வயசு இருக்கும். நெட்வொர்க் வேலையில் இருந்தவள், மாமியார் படுக்கையில் விழுந்ததில் வேலையை விட்டிருக்கிறாள். இதோடு நாலு ஆபீஸ் ஏறிவிட்டேன், இங்கேயும் இல்லை என்றால் இந்த வேலையையே மறந்துவிட்டுத் தையல் பழகப் போகிறேன் என்று டீ வாங்கும்போது என்னிடம் சொன்னாள்.

நான் கேபினில் டம்ளர் எடுக்கிற நேரம், சார் அவள் சர்டிபிகேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது முடிஞ்சு ஆறு வருசம் ஆச்சேம்மா."

"ஆமா சார். முடிஞ்சு போச்சுன்னு நானே மேல எழுதிருக்கேன்."

"அது சரி. இப்ப போனாரே ஒருத்தர், தேதிய மடக்கி வச்சு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தாரு. உங்க நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா டெண்டர் போட்டா நடப்புல இருக்க சர்டிபிகேட்டுதான் கேக்குறான். இத வச்சு நான் என்ன பண்ண?"

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் சார். அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்தது, பைலை மூடினாள்.

வெளியே இஞ்சினியர் பிரபு லைன் கொடுக்கிற கம்பெனிக்காரனைப் போனில் பிடித்து, "எங்ககிட்ட எல்லாம் சரியா இருக்குண்ணே, உங்க லைன்லதான் கோளாறு" என்று மல்லுக்கு நின்றான். அவனிடம் தேதி முடியாத சர்டிபிகேட் இரண்டு இருக்கிறது. பெட்டியை மூன்று தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டான். ஒரு நிமிசம் வரும், மறுபடி செத்துப் போகும்.

வாசலுக்குப் போன எஸ்தர் அந்த விளக்குகளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"தம்பி, நேத்து இங்க என்ன செஞ்சீங்க?"

"நேத்து ஆயுத பூஜைக்கா. பொரி தின்னோம்."

"பெட்டியத் தொட்டுத் தொடச்சது யாரு?"

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. மெதுவாகப் போய் அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தேன். குனிந்தாள். காதில் சொன்னேன்: "தாயி, நாந்தான் ஒரு வயரச் சொருகுனேன்."

"எந்த வயரும்மா?"

விரலை நீட்டினேன். அவள் உருவினாள். விளக்கெல்லாம் அடங்கி, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சிமிட்ட ஆரம்பித்தது. நாலு கம்ப்யூட்டரில் டிங் டிங் என்று மெயில் வந்து விழுந்தது. பிரபு காதில் போனோடு அப்படியே நின்றான்.

சத்தம் கேட்டு சார் வெளியே வந்தார். ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தன, உள்ளே போனதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்துவிட்டது, இதற்கு லூப் என்று பெயர் என்று எஸ்தர் விளக்கினாள். யார் சொருகினது என்று சார் கேட்டார். "தெரியாம நடந்துருக்கும் சார்" என்று முடித்துவிட்டாள். தனக்கு வேலை இல்லை என்று ஆன பிறகும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நாந்தான் சார்" என்றேன். பதினோரு வருசத்தில் சார் என் குரலை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். "அலங்கோலமாத் தொங்குச்சு, நல்லாருக்கட்டும்னு சொருகுனேன். நீங்க அம்புட்டுப் பேரும் லைன்காரனத் திட்டுனீங்க. இந்தப் பிள்ள ஒண்ணுதான் தொடச்சது யாருன்னு கேட்டுச்சு."

பிரபுதான் முதலில் சிரித்தான். அப்புறம் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எஸ்தர் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், எனக்குப் புரை ஏறிவிட்டது.

3. தேதி

"நாளைக்கே வாங்க. ஆனா ஆறு மாசத்துல பரீட்சைய மறுபடி எழுதிரணும். டெண்டர் பைல்ல வைக்க எனக்குப் பேப்பர் வேணும்" என்றார் சார். அவள் அஞ்சாவது மாசமே எழுதி வாங்கிவிட்டாள். அவள் வேலையில் இல்லாத வருசங்களில் வந்த புதுசையெல்லாம் பிரபு சொல்லிக் கொடுத்தான்.

நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். டெண்டருக்குத் தேதி வேண்டும், அதில் பேச்சே இல்லை. தேதி முடிந்திருந்தால் முடிந்தது என்று எழுதுங்கள், மடக்கி வைக்காதீர்கள். என்றைக்கோ ஒருநாள் உட்கார்ந்து படித்தீர்கள் என்று அந்தப் பழைய பேப்பரும் சொல்லும். கை மறந்துவிட்டதா இல்லையா என்பதைப் பெட்டி முன்னால் நிற்கும்போது நீங்கள்தான் காட்ட வேண்டும்.

இப்போது இன்டர்வியூ நாளில் சார் ஒரு பழைய சுவிட்சை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, சொருகிருங்க" என்பார். ஒரே வயரின் இரண்டு முனையையும் அதில் சொருகிவிட்டுத் துடைப்பத்தோடு ஓரமாக நிற்பேன். வருகிறவர்கள் லேப்டாப்பைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், லைன்காரனைத் திட்டுவார்கள். என் பக்கம் திரும்பி, "அம்மா, இதை யாராச்சும் தொட்டாங்களா" என்று கேட்கிறவர்களுக்குத்தான் வேலை. அதுவரைக்கும் சிரிக்காமல் நிற்பதுதான் இந்த ஆபீசில் எனக்கு இருக்கிற ஒரே கஷ்டமான வேலை.