ஆள் வருது, கொஞ்சம் பொறுங்க

அப்பா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேராவது, அப்பா நிறுத்தி வைத்த பஸ்ஸில் ஒரு தடவை ஓடி வந்து ஏறியவர்கள்தான். அதனால் அப்பாவைப் பற்றி உங்களுக்கு எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனாலும் மூத்த மகளாகிய நான் எழுதாவிட்டால் என் மனம் ஆறாது.

அப்பா தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரருக்குக் கட்டிய வரிசை வீடொன்றில், பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்ததால், அவரைக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே ட்ராம் கார் ஓடிய கடைசிக் காலம் அது. "கையைக் காட்டினா நிக்கும், நீ ஏறினப்புறம்தான் மணி அடிக்கும்" என்று வியந்து வியந்து சொல்வார். தோட்டத்துக்குத் திரும்பி வந்ததும், நம் பதுளைக்கு ட்ராம் எப்போது வரும் என்று எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். "நம்ம மேட்டுல ட்ராம் ஓடுனா, பிரேக் புடிச்சாலும் கீழ ஆத்துலதான்டா போய் நிக்கும்" என்று லயமே சிரித்ததாம். கலியாணம் ஆகும்வரை அவருக்கு 'ட்ராம்கார்' என்றே பட்டப்பெயர்.

பதுளைக்கு ட்ராம் வரவே இல்லை. தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர் காலத்திலேயே மலையைக் குடைந்து ரயிலைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் டவுனுக்குப் போய்வர ஒன்றையும் கொண்டுவரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியும் நோயாளியும்கூட நடந்தார்கள், அல்லது தோட்டத்து லொறியில் மூட்டையோடு மூட்டையாகப் போனார்கள். பஸ் எங்கள் ரோட்டுக்கு வர வெகுகாலம் எடுத்தது.

இரண்டு நாட்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக வேண்டியவர்களில் அப்பாவின் ஒரே அக்காவும் இருந்தார். எங்கள் பெரிய அத்தை. பதுளையிலிருந்து வரும் ரயில், தெமோதரையில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி வந்துதான் மேலே ஸ்டேஷனில் நிற்கும். அதனால் கீழே ரயிலைக் கண்டாலும் "இன்னும் நேரம் இருக்கு" என்று ஆறுதலாக நடப்பது எங்கள் ஊர்க்காரரின் பழக்கம். வழியனுப்ப வந்த அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அத்தையின் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கக் கடைக்குள் போனார். பார்சலோடு அவர் படியேறி வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. அத்தை ஜன்னலில் தலையை நீட்டி, "தம்பி வர்றான், கொஞ்சம் பொறுங்க" என்று கத்திக்கொண்டே போனதாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அத்தையை அப்பா பிறகு காணவே இல்லை.

பிரஜாவுரிமை இல்லாததால் அரசாங்க பஸ்ஸில் அப்பாவுக்கு வேலை கிடைக்கவில்லை. தனியார் பஸ்கள் வந்த பிறகு, பதுளை டவுனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா தம் பஸ்ஸில் அவரைக் கொண்டக்டராகச் சேர்த்துக்கொண்டார். எங்கள் தோட்டத்தில் பஸ் திருப்பும் இடத்துக்கு நேர் மேலே, ஏற்றத்தில், லயங்கள் இருக்கின்றன. இறங்கி வர நேரமாகும் என்றால் மேலே நின்று துண்டை வீசிக் காட்டுவார்கள். அது தெரிந்தால் அப்பா மிதிபலகையிலிருந்து இறங்கி ரோட்டில் நின்றுகொள்வார். டிரைவர் ஹோர்ன் அடிப்பார், உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். "ஆள் வருது, கொஞ்சம் பொறுங்க. நீங்களும் ஒருநாள் ஓடி வந்தவங்கதானே" என்பார். வந்தவர் ஏறிய பிறகுதான் "ரைட்!" என்ற குரல் கேட்கும். பேச்சு வாங்காத நாளே கிடையாது. நானாவிடமும் வாங்கினார், அம்மாவிடமும் வாங்கினார்.

போன வருடத்து மழையில் எங்கள் ரோடு தாழ்ந்து இடிந்தது. பஸ் நின்றது. ரயிலும் நின்றது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அம்புலன்ஸ் இடிந்த இடத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்க முடியும். லயத்துப் பிள்ளைகள் அப்பாவைக் கதிரையில் உட்காரவைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் பதுளையிலிருந்து கிடைத்த த்ரீவீலில் வந்து, மிச்சத்தைச் சேற்றில் நடந்துகொண்டிருந்தேன்.

பஸ் திருப்பும் இடத்துக்கு வந்ததும் அப்பா என் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். "அக்கா வரல்லியே. பொறு, ஆள் வருது."

"அப்பா, நேரமில்லப்பா" என்று தம்பி அழுதிருக்கிறான். அவர் கையை விடவில்லை. கதிரையை இறக்கி வைத்தார்கள். எதிர் வளைவில் நான் சால்வையைக் கழற்றி வீசினேன். தம்பி கண்டான். அப்பா கண்டாரா என்று யாருக்கும் தெரியாது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கை சூடாக இருந்தது, அவர் இல்லை. நிற்காமல் தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று தம்பி இன்றைக்கும் கேட்கிறான். அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

அப்பாவைத் தோளில் சுமந்த பிள்ளைகளுக்கும், மழையில் நின்று குழி வெட்டியவர்களுக்கும், கருமாதிவரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த லயத்து அக்காமாருக்கும், வெலிமடையிலிருந்து மரக்கறி அனுப்பிய சம்பந்தி வீட்டாருக்கும், நானாவின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக, பெயர் தெரியாத ஒரு தம்பிக்கும் நன்றி சொல்ல வேண்டும். ரோட்டைத் திருத்தி, போன மாதம் பஸ் மறுபடி வந்தது. வந்த முதல் நாள் அது புறப்படும் நேரத்தில், லயத்து வாசலில் நின்ற அம்மா அப்பாவின் துண்டை எடுத்து வீசினார். பஸ் நின்றது. புதுக் கொண்டக்டர் தம்பி கீழே இறங்கி, அப்பா நின்ற அதே இடத்தில் நின்று அண்ணாந்து கேட்டார்.

"யாரும்மா வர்றாங்க?"

அம்மா துண்டை மெதுவாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்தத் தம்பியும் அவசரப்படுத்தவில்லை.

"ஒருத்தரும் வரல்லப்பா" என்றார் அம்மா. "நீங்க ரைட் சொல்லுங்க."