கினிகத்தேனையில் எழுதிய மொய்

விமானக் கம்பெனி ஒன்று மூடிவிட்டதாம், டிக்கெட் எடுத்தவர்கள் பணத்துக்கு அலைகிறார்களாம் என்று போன வாரம் வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படி அலைந்தவள்தான். 1985 தை மாதம், மஸ்கெலியாவிலிருந்து கினிகத்தேனைக்குப் போன கதை இது. மூன்றாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், நடந்ததில் இருக்காது.

என் அக்கா பாக்கியத்துக்கு இந்தியப் பிரசாவுரிமை கிடைத்தது, எனக்கு இலங்கை. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் எத்தனையோ தோட்டக் குடும்பங்களை அப்படித்தான் பிரித்தது. அவள் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். எட்டு வருஷம் கழித்து, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று கடிதம் போட்டாள். அதற்குள் கப்பல் நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஹட்டனில் கதிரேசன் என்கிற ஏஜெண்டு, கொழும்பிலிருந்து திருச்சிக்குப் புதுக் கம்பெனி விமானம், பாதி விலை, ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்தான் என்றார். சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். அந்த விமானத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒரு தடவைகூடப் பறக்காமல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பி வாங்கினால், பெரிய விமானத்துக்கு வேண்டிய மீதியைத் தருவதாக என் கொழுந்தனார் சொன்னார். ஹட்டனுக்கு அலைந்தேன். முதல் தடவை, கொழும்புக்கு எழுதியிருக்கிறேன் என்றார் கதிரேசன். இரண்டாம் தடவை, கொழும்புக்காரன் என்னையும் ஏமாற்றிவிட்டான் என்று அழுதார். கண்ணைத் துடைத்த கையில் புதுக் கைக்கடிகாரம் இருந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாம் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். விடியக்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு இல்லாத நாள், சம்பளம் வெட்டமாட்டார்கள். நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்திலிருந்து மஸ்கெலியாவுக்கு நாலு மைல் நடை. ஆறரை மணி பஸ்ஸில் ஹட்டனுக்குப் பன்னிரண்டு மைல், மூன்று ரூபாய். ஏஜெண்டின் கந்தோர் பூட்டிக் கிடந்தது. பக்கத்து பேக்கரி முதலாளி சிங்களவர். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அவர் இன்னைக்கு வராது. கினிகத்தேனை வூட்டுல மகளுக்குச் சடங்கு. நீங்களும் போங்க, சோறு இருக்கும்."

அங்கிருந்து கினிகத்தேனைக்குப் பதினைந்து மைல், நாலு ரூபாய். ரோடு கீழே இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போகும். பாதி வழியில் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பஸ் நின்ற இடத்துக்கே ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டது.

பந்தலில் பிள்ளை சிவப்புச் சேலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அதன் மேல் எனக்கு என்ன கோபம்? கன்னத்தில் சந்தனம் தடவி வாழ்த்திவிட்டுத்தான் மொய் மேசைக்குப் போனேன். மொய் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விசேஷ வீட்டில் வைக்கிற பணம் தானம் இல்லை. வைத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாதவன் வீட்டு வாசலை அப்புறம் சனம் மிதிக்காது. மேசையில் ஒருவர் எழுத, எழுதியதை மைக்கில் சொல்வார்கள்.

"பேரு சொல்லுங்கம்மா."

"மஸ்கெலியா மீனாச்சி. ஆயிரத்து எரநூத்தம்பது."

பத்தும் இருபதும் வைக்கிற இடம் அது. எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு, காசு எங்கே என்று கேட்டார்.

"காசு ஏற்கனவே கதிரேசன் அண்ணன் கையிலதாங்க இருக்கு. பிளேனுக்குக் கட்டுனது. பிளேனும் வரல, காசும் வரல. மொய்யா எழுதிக்கிட்டு மைக்குல சொல்லுங்க."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. மைக் என் வாய்க்கு நேரேதான் இருந்தது. பந்தியில் சாப்பிட்டவர்களின் கை அப்படியே நின்றது.

கதிரேசன் வந்தார். சண்டை பிடிப்பார், இல்லாவிட்டால் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வருவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என்னைக் கும்பிட்டுவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார்.

"தங்கச்சி சொல்றது சரிதான். எழுதிக்கப்பா. அவங்க வீட்டு விசேஷத்துக்கு நானே கொண்டாந்து செய்றேன்."

சனம் தலையாட்டியது. அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டவரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "இனி அவன் தப்ப முடியாது, வீட்டுல சட்டுனு ஒரு விசேஷத்த வைங்க" என்றாள். அந்த வீட்டுச் சோற்றை நான் தொடவில்லை.

இளையவனுக்குக் காது குத்தலாம் என்றார் எங்கள் வீட்டுக்காரர். பூசாரி பங்குனியில் நாள் குறித்தார். கதிரேசனுக்குப் பத்திரிகை அனுப்பினேன். சித்திரையில் வந்துவிடுவேன் என்று அக்காவுக்குக் கடிதம் போட்டேன். காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தந்தி வந்தது. அக்கா போய்விட்டாள்.

விசேஷத்தை நிறுத்தினோம். ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிட்டோம், கினிகத்தேனைக்கு யார் சொல்வது? குறித்த நாளில் கதிரேசன் பட்டு வேட்டியோடு லயத்துக்கு ஏறி வந்தார். பின்னால் அவர் மனைவி, பழத்தட்டோடு. தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர் என் பக்கத்தில் குனிந்து பணத்தைக் கையில் வைத்தார்.

"முழுசா இருக்கு தங்கச்சி. எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

"இது தையிலயே வந்திருந்தா எங்கக்கா மொகத்தப் பாத்திருப்பேன்" என்றேன்.

லயத்துக்கு வந்த ஆளை வெறுந்தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இல்லை. அன்றைக்கு அனுப்பினேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால், அவர்களும் சொல்லாமலே இறங்கிப் போனார்கள்.

ஆகவே, டிக்கெட் பணத்துக்கு அலைகிறவர்களே, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வைத்துக் கேளுங்கள், அது பலிக்கும். ஆனால் அவர்கள் தருகிற நல்ல வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். பாதியாவது கையில் விழுகிற வரைக்கும் மேசையை விட்டு நகரக் கூடாது. நான் நகர்ந்தேன்.

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ்கள் இப்போதும் கினிகத்தேனை வழியாகத்தான் போகின்றன. சிலது தேத்தண்ணிக்குக் கால் மணி நேரம் நிற்கும். அங்கே சுடச்சுட வடை நன்றாக இருக்கும் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் இறங்குவதில்லை.