சாயம் பூசாத கீறல்

கடைகளுக்குச் சோடாப் புட்டிகள் கொண்டுசெல்லும் லோரி ஓட்டுநர்கள், இருக்கைக்கு அடியில் பழைய துணி சுற்றிய சாய டின் ஒன்றை வைத்திருப்பார்கள். எங்காவது உரசிவிட்டால், கிடங்குக்குத் திரும்பும் முன் ஓரமாக நிறுத்திக் கீறலின் மேல் பூசிவிடுவார்கள். என் அண்ணன் மட்டும் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டதில்லை.

அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் நான் எழுத்தர், ஓட்டுநர்கள் வாயில் 'கிராணி'. மலாயா விடுதலை பெறவிருந்த மாதங்கள் அவை; வெள்ளைக்கார மேலாளர் ஊர் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தார். ஆயினும், எவ்வளவு சிறிய மோதலானாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற அவரது ஆணை சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. தெரிவித்தவர் லோரியிலிருந்து இறக்கப்பட்டுப் பெட்டி அடுக்க அனுப்பப்படுவார் என்பது சுவரில் இல்லை. அது அனைவருக்கும் தெரிந்திருந்தது. மோதலை ஓட்டுநர்கள் மலாய்ச் சொல்லால் 'லங்கார்' என்றார்கள். மலாயில் விதியை மீறுவதற்கும் அதே சொல்தான். இடித்தவன் குற்றவாளி என்று மொழியே தீர்ப்பெழுதி வைத்திருந்தது.

ஒரு பிற்பகல், காஜா பெராங் பகுதியில், தலைமுறைகளாக மலாய் பேசிவரும் மலாக்காச் செட்டிமார் வீடொன்றின் முன் லோரியைப் பின்னால் எடுத்தபோது அண்ணன் வாசல் தூணில் இடித்துவிட்டார். தூண் அசையவில்லை, லோரியின் பின்தகட்டில் ஒரு நெளிவு மட்டும். தமிழ் அறியாத அந்த வீட்டம்மாள் வெளியே வந்து பார்த்து, பரவாயில்லை என்னும் பொருளில் “தாப்பா, தாப்பா” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். விஷயம் அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் மிதித்த கணத்தில் பிரேக் பிடிப்பின்றி அடிவரை இறங்கியதை அண்ணனின் கால் உணர்ந்திருந்தது. அதே லோரியைச் செங் பக்கம் ஒரு சாக்கடை ஓரத்தில் மோதிய இன்னோர் ஓட்டுநர், சாயம் பூசியதோடு நிறுத்திக்கொண்டதையும் அவர் அறிவார்.

கிடங்கு வாசலில் அந்த ஓட்டுநரே அவரை மறித்துக்கொண்டார்.

“கொடியே மாறப்போவுது, தொர பெட்டி கட்டிக்கிட்டு இருக்காரு. இப்பப் போயி லங்கார் ரிப்போட்டு குடுக்கப்போறியா நீ?”

“பிரேக்கு எறங்குது. நாளைக்கி இதுல ஏறப்போறது நீ.”

“நான் மெதுவாப் போய்க்கிறேன் லா. தம்பி கிராணியா இருக்கான்ல, அதான் ஒனக்கு ரிப்போட்டுன்னா பலகாரம் மாதிரி இனிக்கிது! டின்னு வேணுமா? இந்தா, ஓசிதான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், டின்னை வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டில் நான் சொன்னேன்: “கீழ எறக்கிருவாங்கண்ணே.”

“தெரியும்டா. நீ இங்கிலீசுல நல்லா எழுது. பிரேக்க மொதல்ல எழுது.”

பிரேக்கையே முதலில் எழுதினேன். மேலாளர் படித்து முடித்துத் தூண் யாருடையது என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே லோரி பட்டறைக்குப் போனது. அண்ணன் கிடங்குக்குப் போனார்.

பழுது நீங்கித் திரும்பிய லோரி, கேலி செய்தவர் கைக்கே வந்தது. ஒருநாள் அவர் எங்கோ பார்த்தபடி, “இப்ப நல்லாப் புடிக்கிது லா” என்றார். “புடிக்கட்டும்” என்றார் அண்ணன். காலையில் லோரிகள் கிளம்பும்போது மட்டும் அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். கியர் மாறும் ஓசை தெருமுனையில் அடங்கியபின் மறுபடி தூக்குவார். புதிய கொடி ஏறியது, புதிய மேலாளர் வந்தார், ஆணை சுவரிலேயே இருந்தது. அதன்பின் எவரும் எதையும் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணனுக்கு மீண்டும் லோரி கிடைக்கவில்லை.

சிறு மோதல்களை எப்போதும் தெரிவிக்கத்தான் வேண்டுமா என்று யாரேனும் கேட்டால், வேண்டும் என்றே இன்றும் சொல்வேன். அந்த விடையில் எனக்கு ஐயமில்லை. அதைச் சொல்வதில்தான் களைப்பு.

முதுமையில் அண்ணனுக்கு ஒரு சைக்கிள் மிஞ்சியிருந்தது. காலையில் சந்தைக்கு அதில்தான் போவார். இன்னொரு முறை விழுந்தால் அதையும் எடுத்துவிடுவோம் என்று வீட்டில் சொல்லியிருந்தோம். சென்ற மாதம் தலைவலி என்று படுத்தவர் எழவில்லை. தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, எப்போது விழுந்தார் என்று மருத்துவர் கேட்டார். அவர் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்றோம்.

காரியங்கள் முடிந்த பிறகு சைக்கிளைத் துடைத்து வைக்க எடுத்தேன். கைப்பிடி சற்றே கோணியிருந்தது. முன்சக்கரத்து மட்கார்டில், ஒரு விரல் நீளத்துக்கு, கறுப்பு மற்ற இடங்களைவிடப் பளபளத்தது. இருக்கைக்கு அடியில் தொங்கிய பையைத் திறந்தேன். பழைய துணி சுற்றிய சிறிய டின் ஒன்று இருந்தது.