செலின் எழுதிய இடப்பக்கம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் இதைப் படிக்கும் எல்லோருக்கும் செலினைத் தெரியும். அதனால் கூட்டியோ குறைத்தோ எழுத முடியாது.

திங்கட்கிழமை காலை வணக்கத்தில், பத்தாம் வகுப்பு செலின் மஞ்சள் காமாலையால் இறந்துவிட்டாள் என்று சொல்லித் தலைமையாசிரியை பள்ளிக்கு விடுமுறை விட்டார். விவரம் புரியாத சின்ன வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வீட்டுக்குப் போக விழிதியூர்ப் பேருந்துக்கு நின்றேன். இரண்டு பேருந்துகள் வந்தும் ஏறவில்லை.

செலினும் நானும் ஒரு நோட்டு வைத்திருந்தோம். எழுத்துகள் ஒன்றாகவே இருந்தும் பிரெஞ்சில் ஒரு பொருளும் ஆங்கிலத்தில் வேறு பொருளும் தரும் சொற்களுக்கான நோட்டு. எஃப், ஓ, யூ, ஆர் என்று எழுதினால் ஆங்கிலத்தில் நான்கு; பிரெஞ்சில் ரொட்டி சுடும் அடுப்பு. பிரெஞ்சு அகராதி அவள் பெரியப்பாவுடையது. பூவம் ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வராது. ஆங்கில அகராதி பள்ளி நூலகத்தைவிட்டு வராது. அவள் வீட்டில் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதி வந்து நோட்டில் சேர்ப்பது இடப்பக்கம். நான் நூலகத்தில் பார்த்து எழுதுவது வலப்பக்கம்.

எம், ஏ, ஐ, என் என்பது பிரெஞ்சில் கை, ஆங்கிலத்தில் முக்கியமானது. "கைதானடி முக்கியம், அதான் ரெண்டும் ஒண்ணு" என்றேன்.

"பாத்தியா, நெனச்சியா?" என்றாள் செலின்.

அவரவர் அகராதியில் பார்த்தோம். ஒன்று லத்தீனிலிருந்து வந்தது. மற்றது வலிமையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்.

"ஒரே யூனிஃபார்ம் போட்டா அக்கா தங்கச்சி ஆயிடுவாங்களா? அப்புறம் கணக்கு டீச்சர் வீட்டுப் பொண்ணும் எனக்குத் தங்கச்சிதான்" என்று சிரித்தாள்.

இலக்கிய மன்றத்தில் அந்த நோட்டை வைத்துப் பேசி நான் பரிசு வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாம் நானே தேடியதாகச் சொன்னேன். மூன்றாவது வரிசையிலிருந்து செலினும் கைதட்டினாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"என் பேரு எங்கடி?"

"மறந்துட்டேன்."

"மறந்தியா, விட்டியா?"

மறுநாள் என் டெஸ்க்கில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். ஐந்து புதிய சொற்கள். அடுத்த வாரம் படுத்துவிட்டாள். "தொத்திக்கும், போவாத" என்று அம்மா சொன்னார். எனக்கு அது வசதியாக இருந்தது. அவள் படுத்திருந்த பதினெட்டு நாளும் நான் போகவில்லை.

அந்த நோட்டில் பாதி செலின் தேடியது. அவள் இருக்கும்போதே மன்றத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று அந்த ஐந்து சொற்களுக்கும் வலப்பக்கத்தை எழுதி முடித்தேன். இனி இடப்பக்கத்துக்கு ஆளில்லை. அவள் கடைசியாகத் தந்தது அந்தச் சீட்டு. அதன் மேலே, வழக்கம்போல் எங்கள் இருவர் பெயரையும் எழுதியிருக்கிறாள். என் பெயர் முதலில்.

நூலகத்தில் வேறு பிள்ளைகள் யாரும் இல்லை. என் மேசைக்கு மேலே உள்ளதைத் தவிர மற்ற விளக்குகளை நூலகர் அணைத்துவிட்டார்.