குளிரறைக்கு வெளியே கிடந்த ஒயர்

நசீர் பாய் இறந்த செய்தி வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அலுவலகக் குழுவில் வந்தது. நான் அப்போது குளிரறையின் வெப்பமானி முன் நின்றிருந்தேன். செய்தியைப் படித்தேன். மைனஸ் இருபத்து மூன்று என்று பதிவேட்டில் எழுதினேன். அரைமணி கழித்து அடுத்த அளவையும் எடுத்தேன். மாரடைப்பு என்றார்கள். வயது ஐம்பத்தொன்று. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், இதுவரை வரவில்லை.

நம் அம்பத்தூர்ச் சோதனைக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் பேக்கிங்கில் இருந்தார். கவனக்குறைவாக இருந்ததால் அவரைக் குளிரறையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் உங்களில் பலர் நம்புகிறீர்கள். அது உண்மையல்ல. உண்மை எனக்குத் தெரியும். இத்தனை நாள் நான் சொல்லவில்லை.

நாம் செய்த பொருளைப் பற்றி, இதை வாசிக்கக்கூடிய அவர் வீட்டாருக்காக ஒரு வார்த்தை. உறைபனி விழும் நாடுகளில் இரவெல்லாம் வெளியே நின்ற டிராக்டர் காலையில் லேசில் கிளம்பாது. எஞ்சின் பிளாக்கில் ஒரு சிறிய ஹீட்டரைப் பொருத்தி, சில மணி நேரம் முன்பே அதன் ஒயரைக் கரண்டில் செருகிவிட்டால் உள்ளிருக்கும் கூலன்ட் சூடாகும், வண்டி கிளம்பும். அதை நாம் வியர்த்து வழிந்துகொண்டே செய்தோம். டீக்கடையில் ஒருவர், இந்த வெயிலில் டிராக்டருக்கு ஹீட்டரா என்று பாயைச் சீண்டினார். பாய் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அங்க டிராக்டரு உங்கூட்டு மாப்ள மாதிரி மாமே. காலைல வெந்நீ வெச்சாதான் எயுந்திருக்கும்.”

ஹீட்டர் பொருத்திய எஞ்சினை உறையவைத்துச் சோதிக்கும் குளிரறையின் கதவை அவர் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மேல் திறந்ததில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். உள்ளே புகுந்ததுமே சுவரெல்லாம் பனியாக ஒட்டிக்கொள்ளும். அதனால், உள்ளே இருந்தே ஆகவேண்டும் என்றில்லாத எதையும் வெளியே வைப்பது நம் வழக்கம். ஹீட்டரின் ஒயரையும் சுவரிலுள்ள துளை வழியாக வெளியே இழுத்துவிடுவோம். பிளக் போட அதுதான் வசதி. செய்முறைத் தாளிலும் அப்படித்தான் இருந்தது. அந்தத் தாளை எழுதியவள் நான். கீழே இருந்த கையெழுத்தும் என்னுடையது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலை, லாரியில் ஹீட்டர்ப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. பாய் என் மேசைக்கு வந்து ஓர் ஒயரை வைத்தார். முந்தைய நாளிலிருந்து அதைக் குளிரறைக்கு உள்ளேயே வைத்திருந்தாராம். அதன் மேலுறை மடித்த இடத்தில் வெடித்துச் செம்பு தெரிந்தது. ஒன்றே ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். எதையும் உடனே நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

“இன்னும் நாலு உள்ள கீது மேடம். நீங்களே வந்து மடிங்க.”

உள்ளே போய் மடித்தேன். நாலில் மூன்று வெடித்தன.

“எஞ்சின மட்டும் குளிர்ல வுட்டுட்டு ஒயர சென்னைல வெச்சிகினு டெஸ்ட் பண்ணிகினு கீறோம்,” என்றார். “அங்க ஒயருக்குன்னு தனியா ஒரு சென்னையா கீது?”

ஈரக்கையோடு யாராவது அந்தச் செம்பைத் தொட்டால் என்னவாகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. லாரியை நிறுத்தச் சொன்னேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒயரை வெளியே போட்டது யார் என்று கேட்டார். ஆபரேட்டர்தான் போடுவார் என்றேன். அது பொய்யில்லை. போடச் சொன்ன தாள் என்னுடையது என்பதையும், குறையைக் கண்டுபிடித்தவரே அந்த ஆபரேட்டரான பாய்தான் என்பதையும் நான் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பழைய தாளை எடுத்துவிட்டு, ஒயரையும் உள்ளே வைக்கச் சொல்லும் புதிய தாளில் கையெழுத்திட்டேன். அடுத்த வாரம் பாயைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். குளிரறைச் சாவியை என்னிடம் கொடுக்க வந்தபோது, “கதவு ரப்பரு லூசா கீது, பாத்துக்கங்க மேடம்” என்றார். ஏன் மாற்றினார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வியாழக்கிழமை மாலை பூந்தமல்லியில் அவர் வீட்டுக்குப் போனபோது அடக்கம் முடிந்திருந்தது. பெண்கள் இருந்த அறையில் என்னை உட்காரவைத்தார்கள். யார் என்று சொன்னதும் அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

“ஒயரு வெடிக்கறத கண்டுபுடிச்ச மேடம் நீங்கதானா? ஊட்ல சொல்லிகினே இருப்பாரு.”

“கண்டுபிடிச்சது அவருதாங்க.”

“அப்பறம் ஏன் அவர பேக்கிங்ல போட்டாங்க?”

சொன்னேன். தாள், கையெழுத்து, மேலாளர் கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும். அவர் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டார்.

“அவரு இருக்கசொல்ல வந்து சொல்லியிருக்கலாம்ல,” என்றார்.

பாய் என்னிடம் கடைசிவரை கேட்காததை அவர் மனைவி கேட்டுவிட்டார். நசீர் பாயின் நினைவாக நான் வைத்திருப்பது அந்தக் கேள்விதான்.