ஆறு மாத மருந்துச் சீட்டு

டெல்மிரா சொத்தேலோவைப் பற்றி ஊரில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சான் பவுதிலியோவில் அது லேசுப்பட்ட விஷயம் அல்ல. பாதிரியாரையே விட்டுவைக்காத ஊர் அது. இருபத்தாறு வருஷமாக டாக்டர் ஓல்மெதோவிடம் உதவியாளர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவன் வந்து கேட்டான், அப்போது அம்மா படுத்த படுக்கை. அம்மா கண்ணை மூடியபோது கேட்டவனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தன. அவள் அதற்காக அழுது யாரும் பார்த்ததில்லை.

காகிதச் சீட்டு இருந்தவரை, காலம் பூராவும் மாத்திரை தின்கிற கிழடுகள் எல்லாரும் மாதம் ஒரு தடவை கிளினிக்கில் அவள் ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். சீட்டை நீட்டும்போதே முகத்தைப் பார்ப்பாள். "என்ன தோன் பசிலியோ, கால் இப்படி வீங்கிக் கெடக்கு? சீட்டு அப்புறம், மொதல்ல உள்ள போங்க" என்பாள். பெரியவர்களை மரியாதையாக 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவாள், ஆனால் மறுத்தால் விடமாட்டாள்.

பிறகு, மருந்துச் சீட்டெல்லாம் இனி கம்ப்யூட்டரில்தான் என்று சட்டம் வந்தது. டாக்டருக்கு எழுபத்தொரு வயது. ஒற்றை விரலால் சோளம் பொறுக்குகிற மாதிரி இரண்டு நாள் தட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் தன் கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி டெல்மிராவின் மேஜையில் வைத்தார்.

"இந்தா, இனிமே நீதான் நான்."

"அப்ப ஒங்க நாற்காலியையும் குடுங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். செய்யக்கூடாத காரியம் என்று இருவருக்கும் தெரியும். அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லா டாக்டர்களும் அதைத்தான் செய்தார்கள்.

மழை தூறினால் இணையம் போய்விடும். வரிசையில் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன டெல்மி, பெட்டிக்குக் காய்ச்சலா? டாக்டர்கிட்டயே காட்டேன்!" என்று கத்துவார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், மழையில்லாத ஒரு ஜனவரி வாரத்தில் உட்கார்ந்து, நிரந்தர நோயாளிகள் நூற்றெண்பத்து மூன்று பேருக்கும் ஆறு மாதச் சீட்டை ஒரே மூச்சில் போட்டு முடித்தாள். மாதாமாதம் ஐந்தாம் தேதி போனில் செய்தி வரும். அதை மருந்துக்கடையில் காட்டினால் போதும். ஊரே அவளைக் கொண்டாடியது. ஜன்னல் பக்கம் அதன் பிறகு ஆள் வரவில்லை.

பசிலியோவின் மனைவி எர்சிலியாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, தினம் ஒன்று. ஏப்ரலில் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, ரத்தம் அளவுக்கு மேல் இளகிவிட்டது, இனி பாதி போதும் என்று டாக்டர் அவர்களிடம் சொன்னார். கதவைத் திறந்து டெல்மிராவிடமும் சொன்னார். அவள் எர்சிலியாவின் நோயாளி அட்டையில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டாள். மே, ஜூன் சீட்டுகள் ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் காத்துக் கிடக்கின்றன என்பது அவள் நினைவுக்கு வரவில்லை. அன்று டெங்குக் காய்ச்சலோடு பன்னிரண்டு குழந்தைகள் நடையில் படுத்திருந்தன. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் எர்சிலியா சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. கொரியெந்தெஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். கையெல்லாம் மே மாதத்திலிருந்தே நீலம் பாரித்திருந்ததாம். ஜன்னலுக்கு வந்திருந்தால் டெல்மிரா பார்த்திருப்பாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், இறந்தவளின் பெயரை நீக்க கம்ப்யூட்டரைத் திறந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். மே: தினம் ஒன்று. ஜூன்: தினம் ஒன்று. எழுந்து நேரே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "கையெழுத்து என்னோடது. போட்டது நீ. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் போவோம். நானும் போயிட்டா இந்த ஊருக்கு வேற டாக்டர் ஏது? எழுவத்தாறு வயசுக் கெழவி, டெல்மி. யாரும் எதுவும் கேக்கல. நீயா வாயத் தொறக்காத."

திறக்கவில்லை. நாற்பது நாள் வேலைக்கு வந்தாள், போனாள். பசிலியோ வெளியில் வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டபோதெல்லாம் அவர் வீட்டுத் திருப்பம் வரை போய்த் திரும்பி வந்தாள். பயம், வேறொன்றும் இல்லை. வேலை போகும், ஊர் பேசும் என்கிற பயம். கடைசியில் ஒரு ஞாயிறு மதியம், பூசை முடிந்த கையோடு அவர் வீட்டுக்கு நடந்தாள்.

"வாம்மா டெல்மி. உக்காரு. மாத்தே டீ போடட்டா?"

"வேணாம். ஒண்ணு சொல்லணும். நின்னுட்டே சொல்லிடறேன்."

சொன்னாள். கடவுச்சொல், ஜனவரி, ஆறு மாதம், எதையும் மறைக்கவில்லை. பசிலியோ மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"அப்ப அந்த மே மாசத்து மெசேஜு டாக்டர் அனுப்புனது இல்லையா?"

"இல்ல. நான் முன்னாடியே போட்டு வச்சது."

"டாக்டர் பாதின்னாரு. நான் கத்தியால வெட்டிப் பாதிதான் குடுத்துட்டு இருந்தேன். அஞ்சாந்தேதி ஒண்ணுன்னு வந்துச்சு. 'பாதிதானேய்யா சொன்னாரு, ஒரு எட்டு டெல்மிகிட்ட கேட்டுட்டு வா'ன்னா அவ. 'சும்மா கெட, டாக்டர் கையெழுத்தோட வந்திருக்கு, மறுபடி மாத்திட்டாரு'ன்னு அதட்டி முழுசா முழுங்க வச்சேன். நான்தான் கொன்னுட்டேன்னு இருக்கேன், டெல்மி. பெத்த மகள்கிட்டகூடச் சொல்லல."

"நீங்க இல்ல, தோன் பசிலியோ. நான்."

அவர் அவளையே பார்த்தார். அழுவார், அடிப்பார், சபிப்பார் என்று எல்லாவற்றுக்கும் அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அடக்கத்துக்கு மறுநாளே."

பசிலியோ எழுந்துபோய்த் தெருக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"எர்சிலியாவுக்குச் செஞ்சத நீ தெரியாமச் செஞ்ச. எனக்கு இந்த நாப்பது நாளாச் செஞ்சத, தெரிஞ்சேதான செஞ்ச."