டேப் மாஸ்டரிடம் மசியாத அவரைக் கொடி

தெருவில் அவருக்குப் பெயர் டேப் மாஸ்டர். குளிக்கும்போதாவது கழுத்திலிருந்து அந்த அளவு நாடாவைக் கழற்றுவாரா என்பது அவர் மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். வளர்கிற பிள்ளைகளுக்குத் தைத்தால் ஓரத்தில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து வைத்துத்தான் தைப்பார். யார் எப்போது எவ்வளவு வளர்வார்கள் என்று தனக்கு அத்துப்படி என்பது அவர் நினைப்பு.

அந்த நினைப்பில் மண் விழுந்தது ஓர் அவரைக் கொடியால். கடைக்குப் பின்னால், உடைந்த வாளியில் மகள் ஊன்றிய விதை. காலையில் அளந்தார், மாலையில் அளந்தார். ஒரே நாளில் இரண்டு அங்குலம்! கண்ணும் கிடையாது, கையும் கிடையாது, பக்கத்தில் கயிறு தொங்குவது இதற்கு எப்படித் தெரிந்தது என்று மெய்யாகவே அசந்துபோனார். அசந்தவர் சும்மா இருந்திருக்கலாம். கொடி சுற்றியிருந்த பக்கம் அவர் கண்ணை உறுத்தியது. முப்பது வருடமாக பாபினில் நூல் சுற்றிய கைக்கு அது தலைகீழாகப் பட்டது. கொடியைப் பிரித்துத் தன் வழக்கப்படி சுற்றி, துணி நாடாவால் முடிச்சும் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால், முடிச்சுக்கு மேலே நுனி அவிழ்ந்து, தன் பக்கமே திரும்பியிருந்தது. ஆறு நாள் இந்தக் கூத்து நடந்தது.

அதே வாரம் வீட்டிலும் ஓர் இழுபறி. மகளுக்குப் பஸ் ஓட்டப் படிக்க வேண்டும். பயிற்சிக்கூடத்து விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவரோ அவளுக்கென்று புதுத் தையல் மெஷினே வாங்கிப் போட்டிருந்தார். எனக்கப்புறம் கடையை யார் பார்ப்பது என்று குதித்தார். ஒரு பட்டன் தைக்கவே அவளுக்கு விரல் வளையாது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, முடிச்சு இறுகிய இடத்தில் தண்டு நசுங்கி, மேலே இலைகள் துவண்டு கிடந்தன. மாஸ்டர் கடைக்குள் ஓடினார். கத்தரிக்கோலை எடுத்து வந்து துணி நாடாவை வெட்டி எறிந்தார். மகள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, இன்னைக்கு எந்தப் பக்கம் சுத்தப் போறீங்க?"

"அது இஷ்டத்துக்குப் போகட்டும். நான் கயிறு மட்டும் கட்டி விடறேன்" என்றார். துவண்ட நுனியை மெல்லக் கயிற்றில் சாய்த்துவிட்டு, "அந்த ஃபாரத்தை எடுத்துட்டு வா" என்றார்.

வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

கொடி பிழைத்துக்கொண்டது. மகளின் டிரைவர் பயிற்சிச் சீருடையை வேறு எவனும் தைக்கக் கூடாது என்று அடம்பிடித்து அவரே தைத்தார். போட்டுப் பார்த்த மகள் கால்சட்டையின் ஓரத்தைத் திருப்பினாள். உள்ளே இரண்டு அங்குல மடிப்பு.

"அப்பா, எனக்கு இருபத்தொரு வயசாச்சு. இன்னுமா வளரப் போறேன்?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றார் டேப் மாஸ்டர்.